சமையலறைக்குள் முளைத்த கோட்டை வாசல்

உப்பளம் பகுதியில் ஜோசப் ஆனந்த் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கோட்டை வாசல் முளைத்தது. பிரெஞ்சுக்காரர் கட்டி, இங்கிலீஷ்காரர் வெடி வைத்து இடித்த பழைய கோட்டை அது. உப்பனாறு வற்றிய அந்தக் கோடையில் துண்டு துண்டாக ஊருக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்குக் கொத்தளம் வந்தது. அவர்கள் அதில் துணி காயப்போட்டார்கள். ஒரு பல் டாக்டருக்குப் பீரங்கி வந்தது. அதைக் காட்டியே பிள்ளைகளை வாய் திறக்க வைத்தார்.

ஆனந்தின் வாசல் பூட்டியே இருந்தது. தொட்டால் உள்ளிருந்து காவல்காரன், “கீ வீவ்?” என்பான். மதியம் மட்டும் ஊர்க் கடைக்காரர்களைப் போல அவனும் தூங்குவான்.

மனைவி லினெட் இறந்ததிலிருந்து ஆனந்த் ஓட்டலில்தான் சாப்பிட்டான். ஆனால் சமையலறைக்குள் அவள் கடைசியாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இருந்தது. உப்புக் குறைவாகப் போடுவது அவள் வழக்கம். கிளறி வெயிலில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வாசல் முளைக்கும்வரை அவன் வைப்பான், தின்னமாட்டான்.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான பக்கத்து வீட்டு அந்தோணி வந்தார். “யாருடா அங்கன்னு கேக்குறான். இரு,” என்று மீசையைத் தடவிக்கொண்டு, “பிரான்ஸ்!” என்று கத்தினார். சாவித் துவாரத்திலிருந்து கிளம்பிய வெடிப்புகை பாதி மீசையைக் கொண்டுபோனது.

“ஆட்சி மாறினது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, மிசே,” என்ற மீன்காரி கொளஞ்சி, “இந்தியா!” என்றாள். உள்ளே தும்மல் கேட்டது. ஆனந்த் கதவிடுக்கில் ஆதார் அட்டையை நுழைத்தான். மடங்கித் திரும்பி வந்தது.

மறுநாள் அந்தோணி மிச்ச மீசையையும் மழித்துவிட்டு வந்தார். “வார்த்தைக்கு வார்த்தை பாத்தா, உயிரோட இருக்கறது யாருன்னு அர்த்தம் தம்பி. அப்படித்தான் கேக்குறானோ என்னமோ.” பட்டாளத்தில் யாரும் அப்படிப் பொருள் கொண்டதில்லை.

ஆனந்த் கதவைத் தொட்டான்.

“கீ வீவ்?”

“லினெட் வீட்டுக்காரன்.”

கதவு அசையவில்லை. அன்றும் வந்திருந்த கொளஞ்சி கூடையை இறக்கி வைத்தாள். “அதக் கேக்கல தம்பி.”

ஆனந்த் மறுபடியும் கதவைத் தொட்டான்.

“நான்,” என்றான். “நான் மட்டுந்தான்.”

எண்ணெய் போட்ட மாதிரி கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஊறுகாயில் ஒரு வெள்ளைப் புள்ளி. வழித்தெறிந்து, உப்புப் போட்டுக் கிளறி, ஜாடியை எதிர் வீட்டுக் கொத்தளத்து வெயிலில் வைத்தான். அன்று ஓட்டலுக்குப் போகவில்லை. சோறு குழைந்துவிட்டது. ஊறுகாய் கரித்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

வாசல் இன்னும் இருக்கிறது. வீட்டுவரிக்காரர்கள் அதைக் கூடுதல் கட்டடமாகச் சேர்த்துவிட்டார்கள். காவல்காரனும் கேட்காமல் விடுவதில்லை.

“நான்தாம்ப்பா, தொற,” என்கிறான் ஆனந்த். “பால் பொங்குது.”