ஒரு விரல் இடைவெளி

ஹோபார்ட் நகரத்தில் பார்த்துவந்த காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, ஹூவான் ஆற்றோரம் மூன்று ஏக்கர் நிலம் வாங்கினேன். மண்வெட்டியின் எந்த முனை மண்ணில் இறங்க வேண்டும் என்பது வரை எனக்கு விவசாயம் தெரியும்.

என் மனைவி மெரிடித் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு வருடத்துக்குக் காய்கறியும் முட்டையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. வாங்கினால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்குத் திரும்ப வேண்டும்.

மே மாதம். உலகின் தென்கோடியான இங்கே அப்போதுதான் குளிர் தொடங்கும். கெடு முடிய இன்னும் பத்து நாள். முட்டைக்கோஸை வாலபிகள் என்னும் குட்டிக் கங்காருகள் வேலிக்கடியில் புகுந்து தின்று தீர்த்திருந்தன. உருளைக்கிழங்கை உரித்தால் தோல்தான் மிஞ்சியது. பூசணி மட்டும் என் கவனிப்பையும் மீறிக் காய்த்திருந்தது.

ஆனால் என் ஆறு கோழிகள் மானத்தைக் காத்தன. தினம் மூன்று முட்டை. காலையில் மெரிடித்தான் எடுத்து வருவாள். தீவனக் கடையில் நான் பாடமே நடத்தினேன்.

"பூண்டுத் தண்ணிதான் ரகசியம்" என்றேன், பக்கத்துப் பண்ணை கிளெமிடம். நாற்பது வருடமாகக் கோழி வளர்ப்பவர் அவர்.

"அப்படியா? வந்து பாக்கறேன்ப்பா. எங்க கிழட்டுக் கோழிங்களுக்கு இதை யாரும் சொல்லல போல."

வந்தார். ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கி, வாலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவில் விரலை வைத்தார். முட்டையிடும் கோழிக்கு அங்கே மூன்று விரல் நுழையும்.

"ஒரு விரல்தான் போகுது. இது கடையை மூடி ஒரு மாசம் ஆச்சு."

"அடுத்ததைப் பாருங்க."

ஆறுக்கும் ஒரு விரல்தான்.

"தினம் மூணு முட்டை, கிளெம். நானே சாப்பிடறேன்."

"நீ சாப்பிடறே, சரி. இதுங்க போடல. இறகு கொட்டற சமயத்துல கோழி முட்டை போடாது. பாதி மொட்டையா நிக்குதே, பாக்கலையா?"

"சீக்குனு நெனச்சு பூண்டைக் கூட்டினேன்."

நம்ப வைப்பதற்காக அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போய் முட்டைக் கிண்ணத்தைக் காட்டினேன்.

"எங்க வீட்டு இளங்கோழிங்க போடறதும் இதே கறுத்த பழுப்பு..." என்று ஆரம்பித்தவர், அங்கே நின்ற மெரிடித்தைப் பார்த்ததும் அவசரமாகத் தொப்பியைத் தேடினார். தொப்பி தலையிலேயே இருந்தது.

அவர் போனதும் கேட்டேன். "எத்தனை நாளா?"

"நாலு வாரமா. கிளெம் பொண்டாட்டி நோலா குடுக்கறா. நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வைக்கோல்ல வெச்சுட்டு, அப்புறம் எடுத்துட்டு வருவேன்."

"அப்ப நிபந்தனை உடைஞ்சுபோச்சு. கிளம்பணும்."

"கிளம்பக் கூடாதுன்னுதான் வெச்சேன். முட்டைக்கோஸ் போன அன்னிக்குப் பழைய மேனேஜருக்கு வேலை கேட்டு லெட்டர் எழுதிக் கிழிச்சே. முட்டையும் நின்னிருந்தா கிழிச்சிருக்க மாட்டே. எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்ல."

"நிபந்தனை போட்டதே நீதானே?"

"போட்டப்ப எனக்கு இந்த இடத்தைத் தெரியாது. உன்னை மட்டும்தான் தெரியும்."

"இருந்தாலும், காசு குடுத்து..."

"ஒரு காசு குடுக்கல. உன் தக்காளி ஒண்ணுகூடப் பழுக்கல இல்ல? அந்தப் பச்சைக் காயெல்லாம் ஊறுகாய் போட்டு நோலாவுக்குக் குடுத்தேன். பதினாலு பாட்டில்."

இருபது வருடம் மற்றவர்களின் காப்பீட்டுப் பத்திரங்களில் ஓட்டை தேடியவன் நான். இதில் ஓட்டை இல்லை. நிலம்தான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. என்ன, என் திறமையால் அல்ல, என் திறமையின்மையால்.

கெடு முடிந்தது. நாங்கள் போகவில்லை. கோழிகளும் காய்கறியும் இப்போது மெரிடித்தின் பொறுப்பு. எரு அள்ளுவது என்னுடையது. அதில் இதுவரை நான் எதையும் கெடுக்கவில்லை என்று அவள் நோலாவிடம் சொன்னாளாம்.