அதுவா அமைஞ்சது

எங்கள் துறைமுக ஊர் ஜெரால்டனில் ஒருவரிடம் மூட்டுவலியைப் பற்றிக் கேட்கலாம், விவாகரத்தைப் பற்றிக் கேட்கலாம். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். 'உங்க வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முகம் சிவந்துபோய், தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்கள். பிடித்திருக்கிறது, இதற்காக ஏங்கினேன், அலைந்தேன் என்று எவனாவது உண்மையைச் சொல்லித் தொலைத்தால் ஒரு வருஷத்துக்கு மதுக்கடையில் அவனை வைத்துத்தான் சிரிப்பு. அதனால் எல்லோரும் ஒரே பதிலைக் கைவசம் வைத்திருக்கிறோம். "அதுவா அமைஞ்சது."

லியான் ஹாக்கிங் இந்தக் கேள்வியைக் கேட்பதையே ஒரு வேலையாக வைத்திருந்தாள். சம்பளமில்லாத வேலை. பகலெல்லாம் நகரசபை முன்கூடத்தில் உட்கார்ந்து நாய்களுக்கு உரிமம் கொடுப்பாள், வீட்டு வரி வாங்குவாள். புதன்கிழமை மாலை ஊர் வானொலியில் அரைமணி நேரம். யாராவது ஒருவரைக் கூட்டிவந்து மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பாள். தேனீ வளர்க்கிற ஹெக்டர் வந்தார். அதுவா அமைஞ்சது என்றார். நியூசிலாந்திலிருந்து வந்து குடியேறி, ஊரில் பாதிக் குழந்தைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி நைரி வந்தாள். அவளும் அதையே சொன்னாள். கிரேன் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், சவப்பெட்டி செய்கிறவர் எல்லோருக்கும் அதுவாகவே அமைந்திருந்தது.

வாரா வாரம் ஒரே பதிலைக் கேட்க எதற்கு இந்தப் பாடு என்று லியானின் தங்கை கேட்டாள். பொழுது போகிறது என்று சொல்லி வைத்தாள். உண்மை அதுவல்ல. தனக்கென்று இருக்கும் வேலைக்கு மனிதர்கள் எந்த வழியாகப் போய்ச் சேருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்கான வேலை எது என்பது அவளுக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். வழிதான் தெரியவில்லை.

துறைமுகத்தில் இரண்டு இழுவைப் படகுகள் நிற்கும். கோதுமை ஏற்ற வருகிற கப்பல் ஒரு தெரு நீளம் இருக்கும், அந்தக் குறுகலான இடத்தில் தானாகத் திரும்பாது. இந்தக் குட்டைப் படகுகள் இரண்டும் போய், அதன் விலாவில் மூக்கை வைத்து, அவசரப்படாமல் தள்ளித் தள்ளி அதன் இடத்தில் கொண்டுபோய் விடும். வேலை முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து நிற்கும். லியானுக்கு அந்தப் படகில் வேலை செய்ய வேண்டும். வேறெதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் வெளியே வேலை பழக அனுப்பினார்களே, அப்போதே ஆசிரியர் எங்கே போகிறாய் என்று கேட்டார். படகு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பின்வரிசையில் பையன்கள் இருந்தார்கள். எதுவானாலும் சரி என்றாள். நகரசபைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குப் போனவள் நாற்பது வயது தாண்டியும் அங்கேயே இருக்கிறாள்.

அந்த வேலையை அவள் வெறுத்தாள் என்று சொல்ல மாட்டேன். வெறுக்கவாவது அதில் ஏதாவது இருக்க வேண்டுமே. சில நாள் மத்தியானங்களில், நாய்க்குப் பெயர் என்ன, நிறம் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் கண் நிறைந்துவிடும். நாய் முடி ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்து இருக்கை பெவ்விடம் சொல்லிவிடுவாள். பெவ் நல்லவள். மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெஸ் வானொலிக்கு வந்தார். இழுவைப் படகின் தலைவர், அறுபதை நெருங்கியவர். லியான் மைக்கை அவர் பக்கம் தள்ளினாள். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள்.

"அதுவா அமைஞ்சது," என்றார் டெஸ். "ஒரு நாள் சும்மா கரையில நின்னுட்டிருந்தேன். அன்னிக்கு ஆள் ஒருத்தன் வரல. ஏய், நீ வர்றியான்னாங்க. ஏறிட்டேன். இன்னும் எறங்கல."

ஊர் கேட்டுச் சிரித்தது, மறந்தது. லியான் மறக்கவில்லை. வழி கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். மறுநாளிலிருந்து மத்தியான சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு, படகு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் மீன்பிடித் துறைக்குப் போய் நிற்க ஆரம்பித்தாள். சிரிக்காதீர்கள். படித்தவள், வீடு வைத்திருப்பவள், ஊருக்கே வரி கணக்குச் சொல்கிறவள், யாராவது 'நீ வர்றியா' என்று கேட்பார்கள் என்று நாள் தவறாமல் போய் நின்றாள். கோடையில் தெற்குக் காற்று ரொட்டிக்குள் மணலை வாரிப் போடும், நறநறவென்று தின்பாள். படகுக்காரர்கள் கையாட்டுவார்கள். டெஸ் மேலேயிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். ஆள் வராத நாள் ஒன்று வராமலா போகும்?

கூப்பிடும்போது காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று சனி ஞாயிறுகளில் போய்ப் படகு வேலைக்கான சான்றிதழும் வாங்கிவிட்டாள். பெவ்விடம் மண்பாண்டம் செய்யக் கற்கிறேன் என்று சொல்லியிருந்தாள். பெவ் தனக்கொரு ஜாடி கேட்டாள். லியான் ஞாயிற்றுச் சந்தையில் ஒன்றை வாங்கி, விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்தாள். அந்த ஜாடி முன்கூடத்து மேசையிலேயே இருந்தது, பேனா போட்டு வைக்க. வருகிறவர்களிடமெல்லாம் பெவ், கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் நம்ம லியான் கையால் செய்தது என்று பெருமையடித்தாள்.

இந்த இலையுதிர் காலத்தில் இழுவைப் படகுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. படகின் மேல்தளத்தில் பழகுநர் வேலை, ஒரே ஒரு இடம். லியான் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். கூப்பிட்டார்கள். படகுக்காரர்கள் சாப்பிடும் அறையில் ஒரு மேசை, தேநீர், தட்டில் பிஸ்கட். ஒரு பக்கம் டெஸ். இன்னொரு பக்கம் பெர்த் தலைமையகத்திலிருந்து வந்திருந்த காத்ரின் என்கிற பெண். சான்றிதழைப் பார்த்தார்கள், முடிச்சுப் போடச் சொன்னார்கள். போட்டாள். நன்றாகவே போட்டாள். கடைசியில் காத்ரின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த வேலை ஏன் வேண்டும் என்று கேட்டாள்.

இரவெல்லாம் லியான் இதற்குப் பதில் தயார் செய்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஊர்தான் பேசியது.

"சும்மா, பாக்கலாமேன்னுதான். கெடச்சா சரி. கெடைக்கலன்னாலும் ஒண்ணுமில்ல."

டெஸ் சிரித்தார். எங்கள் ஊர்க் காதுக்கு அது நல்ல பதில், மரியாதையான பதில். காத்ரின் எங்கள் ஊர் இல்லை.

சில நாள் கழித்து நகரசபைக்கே தொலைபேசி வந்தது. தெற்கே பன்பரித் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு இளைஞனை எடுத்துவிட்டார்களாம். காத்ரின் குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. "உங்களுக்குச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமா இல்ல. கெடைக்கலன்னா ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க. எல்லாரும் இப்படி இருந்தா என் வேலை எவ்வளவு சுலபம்" என்றாள். லியான் ஆமாம், ஒன்றுமில்லை என்றாள். நன்றிகூடச் சொன்னாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெவ் வந்து தட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சாண்ட்விச் இல்லாமல் துறைக்குப் போனாள். டெஸ் படகிலிருந்து இறங்கி அவளிடமே வந்தார். அவருக்கும் முகம் சரியில்லை.

"மன்னிச்சுக்கம்மா லியான். உன்னைத்தான் எடுக்கணும்னு இருந்தேன். உனக்கே அவ்வளவா ஆசை இல்லன்னப்புறம் நான் என்னன்னு பேசறது?"

"எனக்கு ஆசை இல்லன்னு யார் சொன்னது?"

"நீதானே சொன்னே."

"ரெண்டு வருஷமா இங்க வந்து நிக்கிறேனே டெஸ், எதுக்குன்னு நெனச்சீங்க?"

டெஸ் தலையைச் சொறிந்தார். "நீ கடற்புறாவுக்குத் தீனி போட வர்றேன்னு பசங்க சொன்னாங்க."

"நீங்க அப்படித்தானே ஏறினீங்க? கரையில நின்னு?"

டெஸ் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. "அது ரேடியோவுக்குச் சொன்னதும்மா," என்றார்.

பிறகு மெதுவாக, திருடியதை ஒப்புக்கொள்கிறவரைப்போல், உள்ளதைச் சொன்னார். உள்நாட்டில் ஆட்டு ரோமம் வெட்டுகிற குடும்பம் அவருடையது. பதினேழு வயதில் முதல் தடவை கடலுக்கு வந்தவர் இந்தப் படகைப் பார்த்தார், அதோடு போச்சு. வேலை கேட்டார், விரட்டினார்கள். கடிதம் மேல் கடிதம் எழுதினார். வாசலுக்கு எதிரே காரிலேயே படுத்துக் கிடந்தார். காசு வேண்டாம் என்று சொல்லிப் படகுக்கு அடியில் படுத்துத் துரு சுரண்டினார். கட்டின பெண், படகா நானா என்று கேட்டுவிட்டு அவரே சொல்லட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இதையெல்லாம் வானொலியில் சொல்ல முடியுமா, பசங்க கேட்டுக்கொண்டிருப்பானுங்களே என்றார். "நைரி மட்டும் என்ன? இருந்த வீட்ட வித்துட்டுத்தானே படிக்கப் போனா. உனக்குத் தெரியாதா?"

லியானுக்குத் தெரியாது. அவளிடம் நைரி, ஆஸ்பத்திரியில் இடம் காலியாக இருந்தது, போனேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"ஊரே சேர்ந்து எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க," என்றாள் லியான். "ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, எனக்கு அது வேணும்னு இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் இங்க வந்து நின்னிருக்க மாட்டேன். கதவத் தட்டியிருப்பேன்."

டெஸ் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். ஆசையை மறைப்பதை அடக்கம் என்று சொல்லி நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் சுத்தக் கோழைத்தனம். ஆசைப்பட்டது வெளியே தெரிந்துவிட்டால், கிடைக்காமல் போனதும் தெரிந்துவிடுமே என்கிற பயம். லியானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. மற்றவர்கள் அவளிடம் சொன்ன பொய்யையே அவள் காத்ரினிடம் சொல்லியிருந்தாள். கோபத்தில் பாதி தன்மேல்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

பெர்த்துக்குத் தான் பேசிப் பார்ப்பதாக டெஸ் சொன்னார். பன்பரிப் பையன் கையெழுத்துப் போட்டாயிற்று, திங்கட்கிழமை வருகிறான், இருந்தாலும் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம் என்றார்.

"வேண்டாம்," என்றாள் லியான். "அத நான்தான் சொல்லணும்."

வெளியே நின்று யோசித்தால் தைரியம் போய்விடும் என்று நேராக நகரசபைக்கு வந்தாள். முன்கூடத்தில் வரிசை நின்றது. ஒரு கிழவர் நாயோடு, ஒரு பெண் கைக்குழந்தையோடு, வேலிச் சண்டைக்காக வழக்கமாக வருகிற ஒருவர். பெவ் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள். லியான் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த தொலைபேசியை எடுத்து, பெர்த்துக்குப் பேசினாள். எல்லோருக்கும் கேட்கும் என்று தெரிந்தேதான் பேசினாள்.

"காத்ரின், நான் லியான், ஜெரால்டன்லேர்ந்து. இடம் போயிடுச்சுன்னு தெரியும். அதக் கேக்கக் கூப்பிடல." மூச்சு வாங்கினாள். "கெடைக்கலன்னா ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டும் பொய். எனக்கு அந்த வேலை வேணும். பதினஞ்சு வயசுலேர்ந்து வேணும். வேற எதுக்குமே நான் இவ்வளவு ஏங்கினதில்ல. இதக்கூட வாய் தொறந்து கேட்டதில்ல."

பெவ்வின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது. வேலிச் சண்டைக்காரர் சுவரைப் பார்த்தார். மறுமுனையில் காத்ரின், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல சொல்ல மாட்டாங்க," என்றாள் லியான்.

காத்ரின் உள்ளதைச் சொன்னாள். அடுத்த இடம் எப்போது வரும் என்று தெரியாது, அடுத்த வருஷம் வரலாம், நாலு வருஷமும் ஆகலாம், ஜெரால்டனிலேயே வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் கூப்பிடுகிறேன் என்றாள். "வடக்கே ஹெட்லாண்டு துறைமுகம்னாலும் போவீங்களா?"

"போவேன்."

"எவ்வளவு நாளானாலும்?"

"மாசா மாசம் நானே கூப்பிட்டுக் கேப்பேன். நீங்க அலுத்துப்போற வரைக்கும் கேப்பேன்."

தொலைபேசியை வைத்தாள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. குறையவில்லை. இத்தனை வருஷம் எங்கோ ஒரு மூலையில் வலித்துக்கொண்டிருந்தது இப்போது நெஞ்சு முழுக்க வலித்தது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி கிடைக்காமல் போனால் ஒளிய இடமில்லை. அந்த வலியை ஒன்றுமில்லை என்று சொல்ல இனி அவளால் முடியாது. சொல்லவும் விருப்பமில்லை.

பெவ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் பெவ், இது நாய் முடி இல்லை என்றாள் லியான். கண்ணைத் துடைக்காமலே, வரிசையில் முதலில் நின்ற கிழவரை வரச்சொன்னாள்.