மண்டோர் நின்ற இடம்

மண்டோரைக் கொடுத்துவிடுவது என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை. அதை மற்ற இருவரிடமும் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்று தெரிந்ததும் அதே புதன்கிழமைதான்.

மண்டோர் என்பது எங்கள் கார். பழைய கஞ்சில், மலேசியாவில் செய்த குட்டிக் கார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நான், சேது, புனிதன், சுமையா நான்கு பேரும் பங்கு போட்டு வாங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் முதலில் இருமும், பிறகு கனைக்கும், அதன் பிறகு விடுதியே எழுந்து உட்காரும்படி கத்தும். சேது எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். "எங்க தோட்டத்துல விடியக்காலையில பெரட்டுக்கு ஆள் கூப்புடுற மண்டோரு இப்படித்தான் கத்துவாரு" என்றான். காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தக் கங்காணியின் பெயரே காருக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சேதுவைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் 'அவர்' என்று சொல்லப் பழகினேன். எழுதும்போது 'அவன்' என்றுதான் வருகிறது.

படிப்பு முடிந்து நானும் சேதுவும் புக்கிட் ரோத்தானில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். சேதுவுக்கு எஸ்டேட் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, எனக்குப் பள்ளிக்கூடம். புனிதன் செரண்டாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். சுமையாவுக்குக் கோல சிலாங்கூரில் மருந்துக்கடை வேலை. கார் எங்கள் வீட்டு வாசலில், கூரைக்கடியில் நின்றது. வருடத்துக்கு ஒருமுறை நால்வரும் அதில் ஏறிப் பாசிர் பெனம்பாங்குக்குப் போய் வயிறு முட்ட மீன் சாப்பிட்டுவிட்டு வருவோம். கடைசி ஐந்து வருடமாக மண்டோர் ஓடவில்லை. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. ஓடாத காருக்குள் நால்வரும் ஏறி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு புனிதனின் காரில் போவோம். வருடத்துக்கு வருடம் அந்தப் போட்டோவில் நாங்கள் பருத்துக்கொண்டே வந்தோம், காரின் உட்புறம் சுருங்கிக்கொண்டே வந்தது.

போன வருடம் மார்ச் மாதம் சேதுவுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாள். முப்பத்தேழு வயது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் போன பிறகு என்னை 'டி' போட்டுக் கூப்பிட மிச்சமிருந்தவர்கள் புனிதனும் சுமையாவும்தான். இந்த வருடம் வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். கோல சிலாங்கூரில் மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு வீடு கிடைத்தது. மூன்றாவது மாடிக்கு மண்டோர் ஏறாது. கார் சேதுவின் பேரில் இருந்தது. பெயர் மாற்றும் தாள்களெல்லாம் வந்து சேர்ந்த அந்தப் புதன்கிழமை, பழைய காரை உடைத்து விற்கும் கடைக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு லோரி வரும், அதை விட்டால் அடுத்த மாதம்தான் என்றார்கள். சரி என்றேன்.

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. காரைக் கொடுத்ததற்காகப் புனிதனும் சுமையாவும் கோபித்துக்கொள்வார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரியது இன்னொன்று. அவர்கள் இந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் சேதுவுக்காகவும் மண்டோருக்காகவும். சேது இல்லை. மண்டோரும் போய்விட்டால் எதைச் சாக்கு வைத்து வருவார்கள்?

எங்கள் வாட்சப் குழுவின் பெயர் 'மண்டோர் பங்காளிகள்'. அதில் சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமை திறந்தால், புனிதன் முந்திக்கொண்டு எழுதியிருந்தான்.

"சனிக்கிழமை வர்றோம். மண்டோருக்குப் புது பேட்டரி வாங்கிட்டேன். இந்தத் தடவ ஓட்டியே காட்டுறேன்."

கீழே சுமையா: "இறால் என் பொறுப்பு."

நான் ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்தேன். கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவைத்தேன். மதியம் சாப்பிடும்போது சொல்லிவிடலாம், மூன்று மணிக்குத்தானே லோரி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புனிதன் வந்தான். பேட்டரியைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்தபடி, கால் அகட்டி நடந்து வந்தான். இடுப்பில் அகலமான பெல்ட்.

"என்னடா இது, குஸ்திக்குப் போற மாதிரி?" என்றேன்.

"ஸ்டைலு" என்றான். முகம் வியர்த்திருந்தது.

பின்னாலேயே சுமையா, துணி சுற்றிய பாத்திரத்தோடு. "காலையில ஆறரைக்கு பாசிர் பெனம்பாங்குல நின்னு வாங்குன இறாலு. ஆளாளுக்கு ரெண்டு தட்டு சாப்புடலன்னா தெரியும் சேதி" என்றவள், காரைப் பார்த்ததும் நின்றாள். "ஓடுமாடா இது?"

"ஓடாம? புது பேட்டரி லா."

"நாங்கூட புது செருப்புதான் போட்டிருக்கேன். அதுக்காக ஓட முடியுமா?"

புனிதன் முன்மூடியைத் தூக்கினான். உள்ளே எலிக்கூடு. செம்பனைக் கொட்டை, தேங்காய் நார், கடித்துத் துப்பிய வயர் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய குடும்பம் வாழ்ந்துவிட்டுப் போயிருந்தது.

"வாடகையில்லாம இருந்திருக்குதுங்க" என்றான். நார்களை அள்ளி வெளியே போட்டான். அதோடு ஒரு சாம்பல்நிறக் காலுறை வந்து விழுந்தது. சேது பூப்பந்து ஆடும்போது போடுவது. ஒற்றைக் காலுறையைக் காணோம் என்று அவன் வீட்டையே தலைகீழாக்கிய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு வந்தது. நான்தான் தொலைத்தேன் என்று சொல்லி இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான்.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. "தேத்தண்ணி போடட்டுமா?" என்று கேட்டேன்.

அடுத்த ஒன்றரை மணிநேரம் புனிதன் புழுக்கத்தில் குனிந்து வயர்களோடு போராடினான். அடிக்கடி நிமிர்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பக் குனிந்தான். சுமையா பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டே, "அந்தச் சிவப்பு வயருடா, சிவப்பு" என்று எதுவும் தெரியாமல் ஏவிக்கொண்டிருந்தாள். நான் மூன்று முறை தேத்தண்ணி போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வாசலில் லோரி வந்து நின்றது. தோளில் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார்.

"தங்கச்சி, நான் ஐயாவு. போன்ல பேசுனோமே. மூணு மணிக்குன்னுதான் சொன்னேன், மழ வர்ற மாதிரி இருந்துச்சு, அதான் வெள்ளன வந்துட்டேன். கார் இதானே?"

புனிதன் ஸ்பானரோடு முன்னால் வந்தான்.

"அண்ணே, வீடு மாறி வந்துட்டீங்க."

"நம்பர் பாத்துத்தான் வந்தேன் தம்பி. புஷ்பான்னு எழுதியிருக்கு."

"இங்க புஷ்பான்னு யாருமே இல்ல."

"டேய், அவ உன் பக்கத்துலதான்டா நிக்கிறா" என்றாள் சுமையா.

புனிதன் என்னைப் பார்த்தான். சுமையாவும் பார்த்தாள். ஐயாவு அண்ணன் நிலைமை சரியில்லை என்று புரிந்துகொண்டு லோரி கதவில் சாய்ந்து நின்றார்.

"நான்தான் வரச்சொன்னேன்" என்றேன். "மாசக் கடைசியில வீட்டக் காலி பண்றேன். மூணாவது மாடி. வச்சிக்க எடமில்ல. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கோச்சிக்காதீங்க."

புனிதன் ஸ்பானரைக் கீழே வைத்தான். மெதுவாக, ஒரு கிழவனைப் போல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பேட்டரிமேல் உட்கார்ந்தான். "அப்பாடா" என்றான்.

அழுகிறானோ என்று குனிந்து பார்த்தேன். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாடாவா?"

"எனக்கு இடுப்புல டிஸ்க் நகந்துருச்சுடி. மூணு மாசமாச்சு. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்தப் பேட்டரியத் தூக்கிட்டு வந்ததுல எனக்கு எங்க தாத்தால்லாம் தெரிஞ்சாங்க."

"அப்புறம் ஏன்டா தூக்குன?"

"நீ அழுவியேன்னுதான்."

"நான் ஏன் அழணும்?"

"சேதுதான் சொன்னான். மூணு வருசத்துக்கு முன்னாலயே நான் கேட்டேன். மச்சான், ஓடவும் மாட்டேங்குது, யாருக்காவது குடுத்துருவோம்டான்னு. சத்தமா பேசாத, புஷ்பா காதுல விழுந்தா ஒரு வாரம் சோறு திங்க மாட்டான்னான்."

"நானா? மழை பெஞ்சா துணி காயப்போட எடமில்லன்னு இந்தக் காருக்காக அவங்கூட எத்தன சண்ட போட்டிருக்கேன் தெரியுமா? கொடுத்துத் தொலைங்கன்னு சொன்னா, புனிதன் மனசு ஒடஞ்சிருவான், அவனுக்கு இதுதான் உசுருன்னு என் வாயை அடைச்சான்."

"எனக்கு உசுரா? இந்த டப்பாவா?"

இருவரும் சுமையாவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னான்டி" என்றாள். "இவங்க ரெண்டு பேருக்கும் இது கோயில் மாதிரி, நீ எதையாச்சும் ஒளறி வச்சிறாதன்னான். நானும் ஒங்களுக்காக வருசா வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு அந்த எடது பக்க சீட்டுல உக்காந்தேன். உள்ள இருந்து தொறக்க முடியாத கதவு. ஒருதடவ என்னைய மறந்துட்டு மூணு பேரும் எறங்கிப் போயிட்டீங்க, ஞாபகம் இருக்கா? அரை மணி நேரம் உள்ளயே வெந்தேன்."

"அப்ப நம்ம மூணு பேருக்கும் புடிக்கல" என்றான் புனிதன். "யாருக்குத்தான் புடிச்சிருந்துச்சு?"

லோரிப் பக்கமிருந்து ஐயாவு அண்ணன் சொன்னார்: "அந்த நாலாவது ஆளுக்குத்தான் போல."

முதலில் சுமையாதான் சிரித்தாள். அவள் சிரித்தால் அடக்க முடியாது. புனிதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேது அந்தக் காரைக் கழுவுவான். "புனிதனுக்காகப் பாக்க வேண்டியிருக்கு" என்று சலித்துக்கொண்டே சக்கரத்தின் இடுக்கையெல்லாம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பான். நான் அதை நம்பினேன்.

"களவாணிப் பய" என்றான் புனிதன்.

"வாயத் தொறந்தா பொய்யி" என்றாள் சுமையா.

"காலுறையத் தொலைச்சதுக்கு என்னயில்ல திட்டுனான்" என்றேன் நான்.

ஒன்றரை வருடமாக என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் சேதுவைத் தங்கமான மனுஷன் என்றே சொன்னார்கள். தங்கமானவன்தான். ஆனால் அப்படியே கேட்டுக் கேட்டு, எனக்கு அவன் முகமே மறந்துபோகத் தொடங்கியிருந்தது. அன்று மூவரும் அவனைத் திட்டியபோது, மாட்டிக்கொண்டால் மூக்கைச் சொறிவானே, அந்த முகத்தோடு அவன் திரும்ப வந்தான்.

காரை ஏற்றக் கால்மணி நேரம் ஆனது. லோரியின் கம்பி இழுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். புனிதனைத் தள்ள விடாமல் சுமையா அவனைப் பிடித்துக் கதவோரம் நிறுத்தினாள். மண்டோர் ஒரு சத்தமும் போடாமல் மேலே ஏறியது. ஐயாவு அண்ணன் கயிறு கட்டி முடித்துவிட்டு, "போகலாமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஒரு நிமிசம்" என்று சுமையா லோரியின் பக்கவாட்டில் கால் வைத்து ஏறினாள். மண்டோரின் இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு சாத்தினாள்.

"என்னடி பாத்த?"

"யாரும் மாட்டிக்கலையான்னு" என்றாள்.

ஐயாவு அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மழை வருமுன் போகவேண்டும் என்றார். சுமையா விடவில்லை, ஒரு டப்பாவில் சோறும் இறாலும் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். லோரி மூலை திரும்பும்வரை நின்று பார்த்தோம்.

திரும்பிப் பார்த்தால் வாசல் பெரிதாக இருந்தது. சிமெண்டில் நான்கு சக்கரத்தின் தடமும் நடுவில் எண்ணெய்க் கறையும் மட்டும் இருந்தன. நாலு பக்கமிருந்தும் காற்று வந்தது. இந்த வீட்டில் இப்படி ஒரு வாசல் இருந்தது எனக்கே தெரியாது. பாய் கொண்டுவந்து அங்கேயே விரித்தேன். புனிதன் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். மழை பிடித்தது. இறால் காரமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டோம்.

கிளம்பும்போது புனிதன் பேட்டரியைச் சுவரோரம் தள்ளி வைத்தான்.

"இது இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசம் வந்து எடுத்துக்கிறேன்."

"அடுத்த மாசம் நான் மூணாவது மாடியில இருப்பேன். லிஃப்ட் கெடையாது."

"அப்ப அங்க கொண்டு போயிரு. நான் அங்க வந்து எடுத்துக்கிறேன்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான். எனக்குப் புரிந்தது. புதன்கிழமையிலிருந்து என் நெஞ்சில் இருந்த பயத்தை அவன் எப்படியோ பார்த்துவிட்டான், அல்லது அவன் நெஞ்சிலும் அதுதான் இருந்தது.

நான் குனிந்து பேட்டரியைத் தூக்கினேன். நல்ல கனம். மழையில் நனைந்துகொண்டே போய் அவன் காரின் பின்பெட்டியில் வைத்து மூடினேன்.

"ஏன்டி?" என்றான்.

"வேணாம்டா. நீ சும்மாவே வா."

சுமையா குடையை விரித்துக்கொண்டு, "அடுத்த சனிக்கெழம சாமான் மூட்ட கட்ட வர்றேன். காலையில எட்டு மணி. இவன் தூக்கமாட்டான், ஆனா பொட்டிமேல பேர் எழுதுவான்" என்றாள்.

"எழுத்து அழகா இருக்கும் லா" என்றான் புனிதன்.

அன்று ராத்திரி வாட்சப்பைத் திறந்தேன். குழுவின் பெயரைச் சுமையா மாற்றியிருந்தாள். 'மூணாவது மாடி' என்று இருந்தது. அந்தக் காலுறையைத் துவைத்துக் காயப்போட்டேன். வாசலில் இப்போது நிறைய இடம் இருக்கிறது.