ஈறோரம் ஒரு நீலக்கோடு

வெந்நீரில் துணியைப் பிழிந்து அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் பொடியக்கா. விடியலில் அடங்கிய மூச்சு. கை இன்னும் முழுசாகச் சில்லிடவில்லை. நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பு மட்டும் போவேனா என்றது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி வார்க்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம்.

"விடும்மா, அது போகாது," என்றாள் அண்ணி.

"போகும் அண்ணி. கொஞ்சம் சோப்பு குடுங்க."

ஈயத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஈரல் தாங்க வேண்டுமே என்றுதான் அவள் அந்தப் பொடியை இடிக்க ஆரம்பித்தாள். கீழாநெல்லி, நெல்லிக்காய், மஞ்சள், இன்னும் நாலு வேர். நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்துப் புட்டியில் அடைப்பாள். அண்ணனுக்கென்று தொடங்கியது பட்டறை முழுக்கப் பரவி, அவள் பெயரே பொடியக்கா ஆயிற்று. கைராசிக்காரி என்றார்கள். அவளும் நம்பினாள்.

வாயைத் துடைக்க உதட்டை விலக்கினாள். ஈறோரம் பேனாவால் கீறியதுபோல ஒரு நீலக்கோடு. "பல்லே தேய்க்கிறதில்லையா?" என்று முன்பு அதைக் கேலி செய்திருக்கிறாள். போன வாரம் டாக்டர் அதே கோட்டைக் காட்டினார்.

"இது ஈயம்மா. ஈரலும் கிட்னியும் கெட்டுப்போச்சு. வருஷா வருஷம் ரத்தம் பாத்திருந்தா அப்பவே வேலைய நிறுத்தியிருக்கலாம்."

"பொடி சாப்பிட்டாரே டாக்டர்?"

"பொடிய நம்பி ரத்தம் பாக்காம விட்டதுதாம்மா தப்பு."

ஆறு வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை வண்டி பட்டறை வாசலுக்கே வந்தது. "என் தங்கச்சி பொடி இருக்க எனக்கெதுக்கு ஊசி?" என்று அண்ணன் திரும்பிவிட்டார். அதை அவரே வந்து சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. போய்ட்டு வாண்ணா என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"நீ குடுத்தத ஒரு வேளைகூட விட்டதில்ல, தெரியுமா?" என்றாள் அண்ணி, புருஷனின் தலையைக் கோதியபடி. "நேத்துகூடக் கண்ணாலயே கேட்டாரு."

பொடியக்கா துணியை மறுபடி நனைத்தாள்.

மதியம் அடக்கம் முடிந்து, பட்டறை ஆட்கள் ஏழு பேரும் வாசலில் தயங்கி நின்றார்கள். மேஸ்திரி கிட்டே வந்தார்.

"நேரங்கெட்ட நேரத்துல கேக்குறேன்க்கா. அண்ணன் போனதுலேர்ந்து எல்லாருக்கும் பயம் புடிச்சிருக்கு. பொடிய ரெண்டு மடங்காக் குடுங்களேன்."

"குடுக்க மாட்டேன்."

மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கண்ணனையே அது காப்பாத்தல. அத நம்பித்தான் ரத்தம் குடுக்காம வந்தாரு. அந்தப் பெருமையில நானும் வாயத் தெறக்கல." அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. "நாளைக்குக் காலைல எல்லாரும் ரத்தம் குடுக்கறீங்க. நானும் கூட வர்றேன். நல்ல முகமூடி வேணும், புகை வெளிய போக வழி வேணும். மொதலாளிகிட்ட நானே பேசறேன்."

"அவரு கேப்பாராக்கா?"

"ஏழு பேர் ரிப்போர்ட்டையும் முன்னால வெச்சா கேட்டுத்தான் ஆகணும்."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி நாத்தனாரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேஸ்திரியிடம், "எட்டு மணிக்கே போயிடுங்க. அப்புறம் கூட்டம் சேந்துடும்," என்றாள்.

மறுநாள் எட்டடிக்கக் கால்மணி இருக்கும்போதே பரிசோதனைக்கூடத்து பெஞ்சு நிறைந்துவிட்டது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்த மேஸ்திரி, ஊசியைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொதிக்கிற ஈயத்துக்கு அசராத மனுஷன், இதுக்குப் போயா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பொடியக்கா பக்கத்தில் போய் அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.