சிங்கத்துக்கு எதிர் வீடு

வீட்டுக் கதவைக் கழற்றும்போது எதிரே நீதிமன்றக் கச்சேரியின் முரசு அடித்ததா, கழற்றிய பிறகா? யூசினுக்கு அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நினைவுக்கு வந்தது. கணவன் பெய்லினின் கண்கள் மட்டும் மாறவில்லை. தூக்கிக்கொண்டு போவதற்காகக் கழற்றிப் போட்ட கதவின் மேல் கிடந்தபடி அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் புள்ள. இங்கயே கெடக்குறேன்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீதிபதியின் கச்சேரிக்கு நேர் எதிரே குடியிருப்பவன் நிலைக்க மாட்டான் என்று தெருவே சொன்னது. உள்ளே அடிபடுகிறவர்களின் அலறலும், வாசல் கல்சிங்கத்தின் பார்வையும் நேராக வீட்டுக்குள் வந்து விழுமாம். கல்யாணமான புதிதில் அவள் பயந்தபோது பெய்லின் சிரித்தான். "வழக்குக்கு வர்றவன் எல்லாம் நம்மகிட்டதான் நூடுல்ஸ் திங்குறான். அந்தச் சிங்கந்தான் நமக்குச் சோறு போடுது." அவனுக்கு இருமலில் ரத்தம் வந்ததும், சிங்கத்தின் பார்வையைத் திருப்பிவிட அவள் நிலைக்கு மேல் முகம்பார்க்கும் கண்ணாடி மாட்டினாள். ரத்தம் நிற்கவில்லை. ஆற்றங்கரையில் அவன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். அண்ணனைக் கூட்டிவந்ததும் அவள்தான்.

முன்னால் அண்ணன், பின்னால் அவள். கிணற்றடியில் திரும்பும்போது கதவு திடீரென்று கனத்தது.

இறக்கி வைத்தார்கள். அண்ணன் தம்பியின் மூக்கருகே வெகுநேரம் கையை வைத்திருந்தார்.

"வீட்டுக்கே போயிடலாம் அத்தான்," என்றாள் யூசின்.

திரும்பினார்கள். வாசற்படிக்கு முன்னால் அண்ணன் நின்றுவிட்டார்.

"உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா. வெளியில போன உசுரு. உனக்குத் தெரியாததா?"

தெரியும். தூக்கும்போது அது தோன்றவில்லை.

"அவரு இங்கயே கெடக்குறேன்னுதான் சொன்னாரு," என்றாள்.

அண்ணன் தன் பக்கத்தைப் படிக்கு வெளியே இறக்கி வைத்தார்.

தெருவிலேயே பாய்ப்பந்தல் போட்டார்கள். கால்மாட்டில் வாசற்படி, தலைமாட்டில் சிங்கம். பெய்லின் கையால் தினமும் சாப்பிட்ட கச்சேரிச் சேவகன் வந்து தயங்கி நின்றான். உள்ளே விசாரணை நடக்கிறதாம். "கொஞ்சம் சத்தமில்லாம அழுங்கக்கா." அவள் சட்டைக்கையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் அதன்பின் அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. நீதிபதி மாற்றலாகிப் போக, பீக்கிங்கிலிருந்து வேறொருவர் வந்தார். யூசின் சிங்கத்துக்கு எதிரிலேயே நூடுல்ஸ் விற்றுக்கொண்டு கடைசிவரை இருந்தாள்.

பந்தலைப் பிரித்த அன்று கதவை அவளே கழுவி, பழையபடி நிலையில் மாட்டினாள். அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.