கட்டைவிரல் கயிறு

கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் பதினாறிலிருந்து இருபத்துநாலு வரை ஒன்பது விடியல், சேவல் கூவும் நேரத்தில் ஒன்பது சேவல் பூசை. நாலு மணிக்குக் கோயில் மணி அடித்துவிடும். ஒன்றுவிடாமல் ஒன்பதும் பார்த்தால் கேட்டது கிடைக்கும் என்று அந்தக் கடற்கரை ஊரே நம்பியது. ஏழு நாள் வந்துவிட்டு எட்டாம் நாள் குறட்டை விட்டவர்கள்தான் ஊரில் பாதிப் பேர்.

அனிசெட்டோ அந்தப் பாதியில் சேராதவர். வயது அறுபத்திரண்டு. ஐம்பது வருஷமாக அலாரம் இல்லாமல் மூன்றரைக்கு எழுகிறவர். "சேவலுக்கே இவர்தான் மணி சொல்றாரு" என்று டிரைசைக்கிள் நிறுத்தத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் அக்கா ஃபிலோமெனா ஹாங்காங்கிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி, அடுத்த தெருவில் மாடி வீடு கட்டிக்கொண்டாள். முப்பது வருஷம் அங்கே வீட்டு வேலை. தூக்கம் தலைகீழாகிப் போயிருந்தது. ஒன்பதுக்குப் படு, போனைத் தள்ளி வை, காலை வெயிலில் நட என்றார் டாக்டர். சேவல் பூசை ஒன்பதையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

"எழுப்பி விடுறியாடா?"

"போன் பண்றேன்கா."

"போன்தான் தள்ளி இருக்குமே. கயிறு கட்டிக்கிறேன்."

அனிசெட்டோவுக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தின கயிறு ஞாபகம் வந்தது.

அப்போது அவருக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பதினாலு. வீட்டில் இடம் போதாமல் அவள் தெருமுனையில் அத்தை வீட்டில் படுப்பாள். அவன் கால் கட்டைவிரலில் கட்டிய கயிறு ஜன்னல் வழியே தொங்கும். அவள் வந்து இழுப்பாள், இவன் துள்ளி எழுவான். பனியில் காது சில்லென்று இருக்கும். தெருவில் பேண்டு வாத்தியம், எல்லா வீட்டிலும் நட்சத்திர விளக்கு, கோயில் வாசலில் கரி அடுப்பில் வேகும் பிபிங்கா பணியாரம். அவ்வளவு சந்தோஷமான விடியல்கள் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை.

இருவருக்கும் ஒரே வேண்டுதல்தான். கடலுக்குப் போன அப்பாவின் படகு திரும்ப வேண்டும்.

எட்டு நாள் முடிந்தது. ஒன்பதாம் நாளுக்கு முந்தின ராத்திரி, தூக்கம் பொறுக்காமல், அவன் கயிற்றை அவிழ்த்துக் கட்டில் காலில் கட்டிவிட்டான். விழித்தபோது வெயில் வந்திருந்தது. "அரைமணி நேரம் இழுத்தேம்மா" என்று அக்கா அழுதாள். கட்டில் காலில் கயிற்றைப் பார்த்து அம்மா அவனை விளக்குமாற்றால் வெளுத்தாள். அப்பா வரவில்லை.

மறுநாளிலிருந்து அவன் மூன்றரைக்கு எழ ஆரம்பித்தான்.

இப்போது எட்டு நாளும் ஒழுங்காக நடந்தது. கயிற்றை இழுத்தால் மாடியிலிருந்து "போதும்டா, கால் கழண்டுடும்" என்று குரல் வரும். ஒன்பதாம் நாள் இழுத்தார். கயிறு விறைத்து நின்றது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. இப்படித்தானே அவளும் அன்றைக்கு நின்றிருப்பாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

"கட்டில் கால் எழுந்திரிக்காதுடா."

திரும்பினார். கதவோரம் அக்கா நின்றாள். தலை வாரி, பூசைக்குப் புறப்பட்டிருந்தாள்.

"அன்னிக்கு அரைமணி நேரம் இழுத்தேன்னு சொன்னேன்ல. பொய். நான் வரும்போதே பூசை முடிஞ்சு ஜனம் திரும்பிட்டிருந்துச்சு. நானும் தூங்கிட்டேன்டா. ரெண்டு தடவ இழுத்தேன், கயிறு அசையல. எனக்கு வசதியாப் போச்சு. பழிய உன்மேல போட்டுட்டேன்."

"அம்பது வருஷமா மூணரைக்கு எழுந்திரிக்கிறேன்கா."

"தெரியும். அத நெனைச்சுத்தான் எனக்கு அங்க தூக்கமே வராது."

அவருக்குக் கோபம் வந்தது. அக்காவை அறையலாம் போல இருந்தது. ஆனால் கை நீண்டு போய் அவள் தோளைத்தான் பிடித்தது. இருவரும் அப்படியே நின்று அழுதார்கள். பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"வா, இன்னும் மணி அடிக்கல" என்றாள் அக்கா.

ஒன்பதாவது பூசையை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

மறுநாள் கிறிஸ்துமஸ். முகத்தில் வெயில் சுட அனிசெட்டோ கண் விழித்தார். மணி எட்டேகால். அடுக்களையில் மருமகள் பதறிக்கொண்டிருந்தாள்.

"மாமா இன்னும் எழுந்திரிக்கலையே, உடம்புக்கு என்னமோ."

"ஒண்ணுமில்ல" என்றது அக்காவின் குரல். "தூங்கட்டும் விடு."

அனிசெட்டோ மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.