பதின்மூன்று அங்குலப் பக்கம்

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு முறை சொல்லிவிட்டேன். கேட்டது ஒரே ஒரு பெண். அவள் நம்பிவிட்டாள்.

ஐந்தாறு வரிதான் இருக்கும். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில், கையில் ஒரு பெரிய டேப்லெட்டை ஏந்திக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை வாசிப்பது போலச் சொன்னேன். எழுதியிருந்தது வேறு. நான் சொன்னது வேறு. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். அவற்றில் எந்தக் கதையும் இத்தனை முழுதாக நம்பப்பட்டதில்லை.

அதை எழுத மூன்று தொடக்கங்கள் போட்டுப் பார்த்தேன்.

"தனுஷ்கோடிக் கடல் அன்று இருண்டு கிடந்தது." இல்லை. அன்று நல்ல வெயில்.

"குரல் என்பது" என்று ஒன்று. குரல் என்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாவது: "பிரபாகரன் என் கடைக்கு வந்து, தொண்டைப்பெட்டியை எடுக்கப் போகிறார்கள் என்றான்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பிரபாகரன் இராமேஸ்வரத்தில் கைடு. கோயிலுக்கு வரும் வேன்களில் ஏறிக்கொண்டு அரிச்சல்முனை வரை போவான். இடிந்த சர்ச்சு, புயல், மணலுக்கடியில் போன தண்டவாளம் எல்லாம் சொல்லுவான். வேனில் வந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு அலை எத்தனை பனை உயரம் என்று முடிவு செய்வான். குழந்தைகள் இருந்தால் அலை சிறியது. காற்றை மீறிக் கத்திக் கத்தி அவன் குரல் எப்போதுமே கொஞ்சம் கரகரப்புத்தான். அதனால் அது மோசமானபோது எட்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அவனும்தான்.

எனக்கு இராமநாதபுரத்தில் அரண்மனை வாசல் பக்கம் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திறப்பு விழா. என் பெயர் வினோத்குமார். அவன் மட்டும் வினோத்து என்பான்.

"ஏலே வினோத்து, தொண்டைப்பெட்டிய எடுக்கப் போறாங்கடா. இன்னும் மூணு வாரம். அதுக்குள்ள ஒரு டேப் வாங்கணும். பெருசா. எழுதணும், வீடியோ பாக்கணும். நீதான் பாத்துச் சொல்லணும்."

"செலவு..."

"அத விடு. எதுன்னு மட்டும் சொல்லு."

குரல் ஏற்கெனவே பாதி காற்றாகத்தான் வந்தது.

3

ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் விஷயம்: அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டேன். பதினொன்றா, பதின்மூன்றா? பதின்மூன்று அங்குலம் என்றால் முழு நோட்டுப் பக்கம் மாதிரி எழுதலாம், ஆனால் படுத்திருப்பவன் நெஞ்சில் கனக்கும். பேனாவைச் சார்ஜ் போட வேண்டுமா, வேண்டாமா? கையைத் திரையில் ஊன்றி எழுதினால் கோடு பிசகுமா? கண்ணாடி வழுக்குமே, மேலே சொரசொரப்பான தாள் ஒட்டினால் காகிதத்தில் எழுதுகிற உணர்வு வருமா? வெயிலில் தெரியுமா? ஸ்பீக்கர் இரண்டா, நாலா? நண்பனுக்குப் புற்றுநோய். நானோ பேனா முனையின் அழுத்தத்தைப் பற்றி ஒரு மணி நேர வீடியோவை இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு அவனையும் அவன் மனைவி பூங்கோதையையும் கூட்டிப்போனேன். லாமியா என்று ஒரு பெண் அங்கே எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினாள். அவன் பெரியதில் "அரிச்சல்முனை" என்று எழுதி, பூங்கோதை பக்கம் திருப்பினான்.

"எப்புடி இருக்கு?"

"எழுத்து அழகா இருக்கு" என்றாள் அவள்.

"அக்கா, நீங்களும் ஒரு தடவ எழுதிப் பாருங்களேன்" என்றாள் லாமியா.

"எனக்கு எதுக்கும்மா?" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். லாமியா விடவில்லை. பூங்கோதை பேனாவை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள். 'கோ'வுக்கு மட்டும் வெகுநேரம் ஆயிற்று. கூச்சம் என்று நினைத்தேன்.

"பெருசே இருக்கட்டும்டா, அவளுக்கு நல்லாத் தெரியும்" என்றான் பிரபாகரன். அவளுக்குக் கண் பார்வை குறைவு என்று எடுத்துக்கொண்டேன்.

* என் அட்டவணையில் பதினான்கு வரிசைகள் இருந்தன. 'யார் வாசிப்பார்கள்' என்று ஒரு வரிசை இல்லை.

4

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மதுரைக்குப் போவேன். முதல் ஞாயிறு போனபோது பூங்கோதை டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். எல்லோரிடமும் பெருமையாகக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தன் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த நூர் நிஷா என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த அக்காவுக்கு வாசிக்கத் தெரியாதுல்ல. நாந்தான் வாசிச்சுச் சொல்றேன். நான் இல்லாட்டி வேற யாராச்சும். சிலது வாசிக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்குண்ணே. புருசன் பொண்டாட்டி பேசிக்கிறது."

இருபத்திரண்டு வருடமாக அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவன் நான். எனக்குத் தெரியாது. கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் அவளை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி, களை எடுக்க அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பேப்பர், கரண்டு பில், மகள் சிநேகாவின் ரேங்க் கார்டு எல்லாவற்றையும் பிரபாகரன் சத்தமாக வாசித்துவிடுவான். வாயாடி, சத்தமாக வாசிக்காமல் இருக்க மாட்டான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். பேனாவை எடுத்து எழுதினான்.

யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தா. கடைல அந்தப் பொண்ணு முன்னாடி எப்புடிடா சொல்ல.

அடுத்த வாரம் ஓடிப்போய், டைப் அடித்தால் அதுவே தமிழில் பேசுகிற ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒற்றை விரலால் தட்டினான். ஒரு பெண்ணின் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, "பூங்கோத, தண்ணி" என்றது.

அவள் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"யாருண்ணே இந்தப் பொம்பள? வேணாம்ணே. அணைச்சிருங்க. அவுக எழுதட்டும், நான் யார்கிட்டயாச்சும் கேட்டுக்கிறேன்."

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் அட்டவணையில் அந்த வரிசை இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று. என்னைத் தேற்றிக்கொள்ள எழுதியது. எடுத்துவிட்டேன்.]

5

கதிர்வீச்சு முப்பது தடவை என்றார்கள். பத்தாவது முடிந்த மறுநாள் அவன் ஸ்ட்ரெச்சரில் ஏற மறுத்துக் கையை உதறியிருக்கிறான். டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பத்துக்கு மேல எல்லாருமே வேண்டாம்னுதான் சொல்வாங்க. நடுவுல நிறுத்தினா இவ்வளவு பட்டதும் வீண். முடிச்சா நல்ல வாய்ப்பு இருக்கு. வீட்டம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைங்க."

வெளியே வந்தால் வராந்தாவில் பூங்கோதை நிற்கிறாள். டேப்லெட்டை மார்போடு அணைத்திருந்தாள்.

"அண்ணே, இதுல எம்பேரு இருக்கு. அது மட்டும் தெரியுது. நூர் நிஷாகிட்டக் குடுக்கவேணாம்னு கையக் காட்டுறாக. நீங்க வாசிங்க."

திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்து. இப்படி இருந்தது:

பூங்கோத
போதும். தீ வச்ச மாதிரி இருக்கு. எச்சி முழுங்க முடியல.
வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு.
டாக்டர் சொன்னாலும் கேக்காத. வினோத்து சொன்னாலும் கேக்காத.
பயப்படாத.

நான் வாசித்தது இது:

"பூங்கோத. கஷ்டமாத்தான் இருக்கு. பொறுத்துக்கிறேன். முடிச்சுட்டு வீட்டுக்குப் போவோம். டாக்டர் சொல்றதக் கேளு. வினோத்து சொல்றதக் கேளு. பயப்படாத."

எவ்வளவு கொஞ்சமாக மாற்றியிருக்கிறேன் பாருங்கள். அவனுடைய மூச்சு, அவனுடைய பேச்சு, கடைசி வார்த்தை அப்படியே. தடுமாறவும் இல்லை. தொழில் தெரிந்த கை.

"இவ்வளவுதானாண்ணே?"

"இவ்வளவுதான்."

"பெருசா எழுதிருந்தாகளா, பயந்துட்டேன்" என்று சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

உள்ளே போனோம். அவள் அவன் காலைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க சொன்ன மாதிரியே முடிச்சுட்டே போவோம். நான் பயப்படல."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை முயன்றேன்.]

பேனாவை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதி, என் பக்கம் திருப்பினான்.

என்ன வாசிச்ச?

"தண்ணி வேணுமாடா?" என்றேன்.

அவன் டேப்லெட்டின் உறையை மூடினான். மறுநாள் தானே போய் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தானாம்.

6

இந்த இடத்தில் எந்த வாசகரும் கேட்பார். அவன் ஏன் மறுபடி எழுதவில்லை? அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியாது, நூர் நிஷாவிடம் கொடுத்திருக்கலாமே. சைகை காட்டியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன மனிதன் ஒரே ஒரு 'வேண்டாம்' சொல்ல வழி தெரியாமலா போனான்? கதையாக இருந்தால் பாத்திரம் பலவீனம் என்று நானே சொல்லியிருப்பேன்.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். "நான் பயப்படல" என்று அவள் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை அவன் பார்த்துவிட்டான். வேனில் வந்தவர்கள் முகத்தைப் பார்த்து அலையின் உயரத்தைக் குறைக்கிறவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் என் கற்பனையாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவளுக்கு அவன் சின்னச் சின்ன வார்த்தைகள் மட்டும் எழுதினான். மற்ற நேரமெல்லாம் இருவரும் வீடியோ பார்த்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் போட்டவை. அவள் மைக்கை அமுக்கி, "தனுஷ்கோடி கைடு பிரபாகரன்" என்று சொல்லுவாள். நாலு ஸ்பீக்கரிலும் அவன் குரல் வரும். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றுக்கு அவன் இடிந்த சர்ச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். கட்டிலில் கிடக்கிறவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பத்தொன்பதாவது தடவைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்த வார்டிலேயே இறந்துபோனான். வீட்டுக்குப் போனது அதற்குப் பிறகுதான். பாம்பன் பாலத்தில் ஆம்புலன்ஸ் ஏறியபோது பூங்கோதை, "கடல் வந்துருச்சு பாருங்க" என்றாள், அவனிடம்.

மாற்று முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் உள்ளபடி வாசிக்கிறேன், அவள் கூட்டிப்போகிறாள், அவன் மூன்று மாதம் கழித்துத் தன் வீட்டில் சாகிறான். இன்னொன்றில் முப்பதும் முடிந்து பிழைத்து வந்து, என்னைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதுகிறான். இரண்டாவது நன்றாக வந்திருந்தது. அதைத்தான் முதலில் கிழித்தேன்.

7

மகள் சிநேகா திருநெல்வேலியில் படிக்கிறாள். விடுமுறையில் வந்திருந்த இரண்டு மாதமும் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கேட்டது அம்மாதான். காரணம் அந்த டேப்லெட். அதில் அவன் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. நூற்று நாற்பது பக்கத்துக்கு மேல்.

"தெனம் ஒரு பக்கம்ணே" என்றாள் என்னிடம். "தண்ணி. ஜன்னல். தலகாணி. இதுதான் வருது. ஒரு பக்கத்துல என்ன எழுதிருக்காக தெரியுமா? 'தலையில பூ இல்லாம பாக்க நல்லால்ல'ன்னு. அந்தப் பிள்ள நூர் நிஷா அதச் சொல்லவே இல்ல. கூச்சப்பட்டுக்கிட்டு முழுங்கிருச்சு பாருங்க."

டேப்லெட் மெதுவாகிவிட்டது என்று போன திங்கட்கிழமை என் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாலு நாள் என் மேசையில் இருந்தது. வராந்தாவில் நான் மாற்றி வாசித்த பக்கம் அறுபத்தொன்றாவது. அவள் முப்பத்தெட்டில் இருந்தாள். அழிக்க இரண்டு தட்டு போதும். இடம் நிறைந்துவிட்டது, ஒன்றிரண்டு போய்விட்டது என்றால் நம்புவாள். நான் சொல்வதை நம்பிப் பழகியவள்.

அழிக்கவில்லை. நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு அழிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்தாள்.

"என்ன செஞ்சீங்கண்ணே?"

"தேவையில்லாத வீடியோ ரெண்ட எடுத்தேன். அவன் எழுதுனது எல்லாம் இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வராந்தாவுல வாசிச்சீங்களே, அந்தப் பக்கம் எதுண்ணே? வரிசையா வர்ற வரைக்கும் பொறுக்க முடியல. அது எனக்கு மனப்பாடமாத் தெரியும். மனசுல இருக்கிறத வச்சு எழுத்தக் கூட்டுறது லேசுன்னு சிநேகா சொல்லுது."

நான் அவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

விரலை வைத்தாள். "பூங்கோத." நிமிர்ந்து சிரித்தாள். அடுத்ததைப் பார்க்காமலே, "கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். பிறகுதான் விரலை நகர்த்தினாள்.

"போ... து... ம்."

விரல் அங்கேயே நின்றது. மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். "இங்கன கஷ்டம்னு இல்லையேண்ணே?"

இதற்கு மேல் அவள் எப்படி வாசித்தாள், எந்த வரியில் நிறுத்தினாள், என்னிடம் என்ன கேட்டாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தை ஒரு தடவை நான் அவளுக்காக வாசித்தாயிற்று. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், நேரம் ஆகும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.